கரிசல் எழுதி வைத்த சங்கீதம்

1904-ல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சுக்கூடத்திலிருந்து ஒரு புத்தகம் வெளிவந்தது. தெலுங்கு லிபி, இரண்டு பாகம், ஏறக்குறைய 1,700 பக்கம். பெயர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’. எழுதிய சுப்பராம தீட்சிதருக்கு அப்போது வயது 65. முத்துசுவாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகள் ஸ்வரக் குறிப்போடு அதில் இருக்கின்றன. இன்றைக்கு எந்த ஊர் மேடையில் யார் தீட்சிதர் கிருதி பாடினாலும், ‘இந்தப் பாடம் சரிதானா?’ என்ற கேள்வி எழுந்தால் கடைசியில் போய்ப் புரட்டுவது அந்தப் புத்தகத்தைத்தான். அது அச்சானது தஞ்சாவூரிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. பருத்தியும் கம்பும் விளைகிற, ஐப்பசி மழை தவறினால் ஒரு வருஷம் முழுக்கத் தவறிப்போகிற கரிசல் சீமையில் அச்சானது.

நான் அருப்புக்கோட்டைக்காரி. நெசவாளி வீட்டில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். “சங்கீதமா? அதுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம்ல போகணும்” என்ற பேச்சைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். எங்கள் ஊர்க்காரர்களே அதைத்தான் அதிகமாகச் சொல்வார்கள். காவிரிக் கரையில் பாட்டு பிறந்தது உண்மை. தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற மும்மூர்த்திகளும் திருவாரூரில் பிறந்ததும் உண்மை. ஆனால் பிறந்த பாட்டு அழியாமல் நிற்பதற்கு வேறொரு வேலை தேவைப்பட்டது. அந்த வேலையின் பெரும்பங்கு எங்கள் வறண்ட மண்ணில் நடந்தது. இதை என் மாணவிகளுக்கு வருஷம்தோறும் சொல்லியிருக்கிறேன்; இப்போது எழுதியும் வைக்கிறேன்.

ஒரு வரைபடத்தில் அருப்புக்கோட்டை மேல் விரலை வையுங்கள். வடக்கே மதுரை. அங்கே மீனாட்சி மேல் ஒன்பது கீர்த்தனைகள் கொண்ட நவரத்தினமாலிகையைப் பாடியவர் சியாமா சாஸ்திரி. தெற்கே பந்தல்குடியைத் தாண்டி அதே நெடுஞ்சாலையில் போனால் எட்டயபுரம். முத்துசுவாமி தீட்சிதர் கண்மூடிய ஊர். கிழக்கே ராமநாதபுரம். தியாகராஜருடைய சிஷ்யர் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர், அவரிடம் கற்றவர் பட்டணம் சுப்பிரமணிய ஐயர், அவரிடம் கற்றவர் ராமநாதபுரம் ‘பூச்சி’ சீனிவாச ஐயங்கார். அப்படி அந்தப் பரம்பரை சேதுபதி அரண்மனைக்கு வந்து சேர்ந்தது. மும்மூர்த்திகளின் மூன்று வழியும் எங்களைச் சுற்றித்தான் ஓடியிருக்கிறது. 1985-ல் மாவட்டம் பிரிகிற வரைக்கும் நாங்களும் ராமநாதபுரம் ஜில்லாதான்.

அதற்கும் ஆயிரம் வருஷம் முந்தைய ஒரு கணக்கு இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் சுந்தரர், சேரமான் பெருமாளோடு மதுரைக்கு வந்துவிட்டு, குண்டாற்றங்கரையிலிருக்கிற திருச்சுழிக்கு வந்தார். அங்கே ஒரு பதிகம் பாடினார். அன்றிரவு கனவில் இறைவன் கையில் செண்டோடு இளைஞனாக வந்து, தான் இருப்பது கானப்பேர் என்று சொன்னதாகவும், சுந்தரர் அங்கிருந்து கானப்பேராகிய காளையார்கோவிலுக்கு நடந்ததாகவும் பெரியபுராணம் சொல்லும். பிரளய வெள்ளத்தை இறைவன் பூமிக்குள் இறக்கிவிட்ட தலம் என்று திருச்சுழிக்குத் தலபுராணம் உண்டு. தண்ணீருக்கு ஏங்குகிற ஊருக்கு வெள்ளம் வடிந்த கதை!

அந்தப் பதிகத்தின் பண் நட்டபாடை. இன்று ஓதுவார்கள் அதைக் கம்பீரநாட்டையில் பாடுகிறார்கள். சுவாமி புறப்பாட்டுக்கு நாயனக்காரர்கள் வாசிக்கிற மல்லாரியும் கம்பீரநாட்டைதான். திருமேனிநாதர் கோயிலில் ஒரு திருவிழா மாலையில், உள்ளே ஓதுவார் பாடிய ராகமும் வெளியே தவிலோடு எழுந்த ராகமும் ஒன்றே என்று பட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. 1879 டிசம்பர் 30, ஆருத்ரா தரிசன நாள் நள்ளிரவுக்குப் பின், நடராஜர் வீதியுலா முடிந்து திரும்புகிற வேளையில் இதே கோயில் பக்கத்து வீடொன்றில் ரமணர் பிறந்தார் என்று படிக்கும்போதெல்லாம் நான் முதலில் நினைப்பது, அந்தப் பிள்ளையின் காதில் விழுந்த முதல் சத்தம் நாயனமாக இருந்திருக்கும் என்பதைத்தான்.

தீட்சிதருக்கு வருகிறேன். 1775-ல் திருவாரூரில் பிறந்தவர். தகப்பனார் ராமசாமி தீட்சிதர், ஹம்ஸத்வனி ராகத்தைத் தந்தவர். தம்பி பாலுசாமி, சென்னையில் மணலி சின்னய்யா முதலியார் ஆதரவில் இருந்த காலத்தில் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதை நம் சங்கீதத்துக்குப் பழக்கியவர். இந்தப் பாலுசாமி எட்டயபுரம் சமஸ்தானத்தில் ஆஸ்தான வித்வானாக அமர்ந்தார். அதாவது, இன்று கச்சேரிக்கு இல்லாமல் முடியாது என்றாகிவிட்ட வயலின், ஆரம்ப காலத்திலேயே கரிசல் அரண்மனையில் ஒலித்துவிட்டது.

தம்பியைத் தேடி அண்ணன் வந்தார். வருகிற வழியில் பயிர் கருகி, ஜனங்கள் தவித்துக் கிடந்ததைப் பார்த்து, அமிர்தவர்ஷினி ராகத்தில் ‘ஆனந்தாமிர்தகர்ஷினி’ கிருதியை அவர் பாடியதாகவும், மழை கொட்டியதாகவும் கதை. சாத்தூர்ப் பக்கம் நடந்தது என்பார்கள். மழை நிற்காமல் பெய்யவே, நிறுத்தச் சொல்லியும் பாடினாராம். மழை வந்ததா என்று என்னிடம் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்கிற பதில் ஒன்றுதான்: “காஞ்ச நிலத்தைப் பாத்து ஒரு பெரிய மனுஷர் கண் கலங்கி, அந்தக் கலக்கத்தை ஒரு ராகமாக்கி வெச்சிட்டுப் போனாரு. அதுவரைக்கும் நிச்சயம்.”

அந்த ராகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஐந்தே ஸ்வரம்: ஸ, க, ம, ப, நி. ரிஷபமும் இல்லை, தைவதமும் இல்லை. மத்யமம் பிரதி மத்யமம். ஸட்ஜத்திலிருந்து காந்தாரத்துக்கும், பஞ்சமத்திலிருந்து நிஷாதத்துக்கும் தாண்டித்தான் போக வேண்டும். அந்த இரண்டு தாண்டலிலும் ஒரு அண்ணாந்து பார்த்தல் இருக்கிறது. ஒரே ஒரு கிருதியால் ஒரு ராகம் ஜனங்கள் மனத்தில் மழையோடு ஒட்டிக்கொண்டது சாதாரண விஷயமில்லை. 2019 கோடையில் தமிழ்நாடே தண்ணீருக்குத் தவித்தபோது, கோயில்களில் மழை வேண்டி யாகம் நடத்தச் சொல்லி இந்து சமய அறநிலையத் துறை சுற்றறிக்கை அனுப்பியது. நாகசுரத்திலும் வயலினிலும் வீணையிலும் வாசிக்க வேண்டிய ராகங்களையும் அது குறிப்பிட்டது. அமிர்தவர்ஷினி அதில் இருந்தது.

எட்டயபுரத்தில் தீட்சிதர் கழுகுமலை முருகனைச் சுத்ததன்யாசியில் பாடினார். 1835 அக்டோபர் 21, நரக சதுர்த்தசி. மதுரை மீனாட்சி மேல் தாமே கமகக்ரியாவில் செய்திருந்த கிருதியைச் சிஷ்யர்களைப் பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே உயிர் விட்டார். ஐப்பசி மாசம். எங்கள் பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிற மாசம் அது.

அட்டக்குளத்தருகே அவருடைய சமாதி இருக்கிறது. மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் பாரதி பிறந்த வீட்டையும் பார்த்துவிட்டு அங்கே போவோம். பாரதி வீட்டில் கூட்டம் இருக்கும்; சமாதியில் பெரும்பாலும் நாங்கள்தான். ஒருமுறை அங்கே இருந்த ஒரு பெரியவர், “பாடணும்னா பாடுங்கம்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றார். பிள்ளைகள் அமிர்தவர்ஷினியைப் பாடினார்கள். முடித்ததும் அவர், “இன்னும் ஒருவாட்டி பாடுங்க தாயி, இந்த வருஷம் கம்மாய் நிறையல” என்றார். இரண்டாவது முறை பிள்ளைகள் பாடிய பாட்டில் நான் சொல்லிக்கொடுக்காத ஏதோ ஒன்று இருந்தது.

இனி நான் மிகவும் மதிக்கிற மனிதர்கள் இருவரைப் பற்றி. ஒருவர் சுப்பராம தீட்சிதர். பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரன். 1839-ல் திருவாரூரில் பிறந்து, தாத்தாவாலேயே சுவீகாரம் எடுக்கப்பட்டு எட்டயபுரம் வந்தவர். இன்னொருவர் ஏ. எம். சின்னசாமி முதலியார். சென்னையில் சர்க்கார் உத்தியோகம் பார்த்த கத்தோலிக்கக் கிறிஸ்தவர். நம் கீர்த்தனைகள் காற்றோடு போய்விடக் கூடாது என்று, மேலைநாட்டு ஸ்டாஃப் முறையில் அவற்றை எழுதி 1890களில் அச்சிட்டவர். தியாகராஜர் பாடல்களில் தொடங்கினார். சொந்தக் காசையும் கண்பார்வையையும் அந்த வேலைக்கே கொடுத்தார்.

முத்துசுவாமி தீட்சிதரின் பாடல்கள் முழுசாகக் கிடைக்க வேண்டுமானால் எட்டயபுரத்தில்தான் கிடைக்கும் என்று முதலியார் தெரிந்துகொண்டு சுப்பராம தீட்சிதரை அணுகினார். தீட்சிதர் தயங்கினார். அந்தத் தயக்கத்தை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். தலைமுறை தலைமுறையாக வாயும் காதுமாக வந்த பாடத்தைத் தாளில் இறக்கினால் அதன் அசைவெல்லாம் செத்துப்போகும் என்ற பயம் எந்த நல்ல வித்வானுக்கும் இருக்கும். 1899-ல் எட்டயபுரத்தில் இளைய ராஜாவுக்குப் பட்டாபிஷேகம். பார்வை மங்கிய நிலையில் முதலியார் அங்கே வந்து, இந்த நூலை வெளிக்கொண்டு வர வேண்டும் என்று ராஜாவிடம் கேட்டுக்கொண்டார். ராஜா செலவை ஏற்றார். தீட்சிதர் எழுத உட்கார்ந்தார்.

அவர் எழுதிய விதம்தான் என்னை ஆச்சரியப்படுத்துகிறது. வெறும் ஸரிகமவை வரிசையாகப் போட்டுவிட்டு எழுந்துவிடவில்லை. ஒவ்வொரு ஸ்வரத்தின் தலையிலும் அது எப்படி அசைய வேண்டும் என்று ஓர் அடையாளம் வைத்தார். கம்பிதத்துக்கு நெளிகோடு, ஸ்புரிதத்துக்கு ஒன்று, இறங்கு ஜாருவுக்கு ஒன்று, ஏற்ற ஜாருவுக்கு ஒன்று. தயங்கியவர் எந்த அசைவு செத்துவிடும் என்று பயந்தாரோ, அதற்கே ஒரு எழுத்து கண்டுபிடித்துவிட்டார். ஒரு சின்ன ஊர் அச்சுக்கூடத்தில் இத்தனை அடையாளங்களையும் ஈய எழுத்தாகக் கோத்து, பக்கம் பக்கமாகப் பிழை திருத்தி முடித்திருக்கிறார்கள். பாவில் ஒரு இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அந்த ஒரு இழையைத் தேடிப் பிணைத்துவிட்டுத்தான் என் அய்யா மறுபடி மிதிப்பார். அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது அந்தப் பொறுமைதான் எனக்குத் தெரிகிறது.

வேங்கடமகி வகுத்த 72 மேள வரிசையில் ராகங்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் லட்சணம் சொல்லி, கீதம், தானம், கிருதி என்று உதாரணம் காட்டி, முன்னே வாக்கேயகாரர்களின் வாழ்க்கைக் குறிப்பும் எழுதினார் சுப்பராம தீட்சிதர். 1906-ல் அவர் இறந்தார். பாரதி அவருக்கு ஓர் இரங்கற்பா எழுதியிருக்கிறார். அவருடைய மகன் அம்பி தீட்சிதர் பிற்காலத்தில் சென்னைக்குப் போய் நீதிபதி டி. எல். வேங்கடராம ஐயருக்கும் டி. கே. பட்டம்மாளுக்கும் பாடம் சொன்னார். பட்டம்மாள் பாடிய தீட்சிதர் கிருதிகளின் நிதானத்துக்கு வேர் எங்கே என்று தேடிப் போனால் எட்டயபுரத்துக்குத்தான் வர வேண்டும். புத்தகம் தமிழில் வர இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது: சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் பாகம் பாகமாகத் தமிழில் வெளியிட்டது. நான் படித்தது அந்தத் தமிழ்ப் பதிப்பை. என் கைப்பிரதியின் ஓரங்கள் பென்சில் குறிப்பால் கறுத்துவிட்டன.

ஏன் இது வறண்ட சீமையில் நடந்தது? என் எண்ணத்தைச் சொல்கிறேன். காவிரிக் கரையில் தெருவுக்கு நாலு வித்வான்கள். ஒருவர் மறந்தால் இன்னொருவர் நினைவூட்டுவார். எழுதி வைக்கிற அவசரம் அங்கே வராது. இங்கே வித்வான் என்று அரண்மனையில் ஒரு குடும்பம், கூப்பிடு தூரத்தில் வேறு யாரும் இல்லை. அந்தக் குடும்பத்தில் ஒரு தலைமுறை வாய் மூடினால் எல்லாம் போயிற்று. தண்ணீர் குறைவான ஊர்க்காரர்கள் கண்மாய் வெட்டிச் சேமித்தார்கள். பாட்டுக்கும் அதே கவலை வந்தது. ராஜாக்களுக்கும் இதில் பங்கு உண்டு. எட்டயபுரம் ராஜாக்களின் எட்டப்பர் என்ற பெயரைக் கட்டபொம்மன் கதைக்காகவே நினைக்கப் பழகியவர்கள் நாம். அந்த வம்சம் மூன்று தலைமுறைத் தீட்சிதர்களுக்குச் சோறு போட்டு, இந்த நூலுக்கு அச்சுக்கூலி கொடுத்தது என்பதையும் சேர்த்து நினைப்பதுதான் நியாயம்.

ராமநாதபுரம் பக்கத்துக் கதையை இங்கே சுருக்கித்தான் சொல்ல முடியும். சங்கீதம் கற்கத் தொடங்குகிற பிள்ளை முதலில் பயில்கிற வர்ணங்களில் ஒன்று மோகனத்தில் ‘நின்னு கோரி’. பூச்சி ஐயங்கார் செய்தது. டொரண்டோவிலும் சிங்கப்பூரிலும் இன்று அதைப் பாடிப் பழகுகிற குழந்தைக்கு, அது சேதுபதி சீமை வித்வான் தந்தது என்று தெரிய வேண்டும். அவருடைய சிஷ்யர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். 1890-ல் காரைக்குடிப் பக்கம் பிறந்தவர். வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள், நடுவே பிரதான ராகம், பல்லவி, கடைசியில் துக்கடா என்று இன்றைய கச்சேரிக்கு இருக்கிற ஒழுங்கு அவரால் நிலைபெற்றது. பாட்டை எழுதிய வேலை எட்டயபுரத்தில். பாடும் வரிசையைச் சீராக்கிய மனிதர் ராமநாதபுரம் வழியில். எங்கள் திருச்சுழி, நரிக்குடி ரயில் பாதை போய்ச் சேருகிற மானாமதுரையில், கச்சேரிக்கு உட்காருகிற கடத்தை இன்றும் மண்ணைத் தட்டித் தட்டிச் செய்கிறார்கள்.

ஆனால் பிறர் பாட்டை எழுதி வைத்த கரிசல், தன் சொந்தப் பாட்டை எழுதாமலே விட்டுவிட்டது. இது என் மனத்தில் கிடக்கிற பெரிய ஏக்கம்.

விளாத்திகுளம் சாமிகள் என்று ஒருவர் இருந்தார். நல்லப்ப சாமிகள், 1889-ல் பிறந்து 1965-ல் மறைந்தவர். கரகரப்பிரியாவை மணிக்கணக்கில் பாடுவார். கி. ராஜநாராயணன் அவரிடம் பாட்டுக் கற்றவர். அவரைப் பற்றி எழுதியும் இருக்கிறார். சாமிகள் பாடிய அந்தக் கரகரப்பிரியா இன்று எங்கே? கேட்டவர்களோடு போய்விட்டது. கோவில்பட்டியில் நாகசுர வித்வான் காருகுறிச்சி அருணாசலத்துக்குச் சிலை இருக்கிறது. அவருக்கு ஒலிப்பதிவு என்ற அதிர்ஷ்டமும் இருந்தது. திருநெல்வேலி வானொலியில் அவருடைய நாயனம் வந்தால் என் அய்யா நாடாவைப் பிடித்து நிறுத்திவிடுவார். கூலி நெசவில் நிறுத்திய ஒவ்வொரு நிமிஷமும் காசு என்று எங்கள் அம்மாவுக்குத் தெரியும். அந்த நேரம் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள். நடுவயதிலேயே அருணாசலம் போய்விட்டார். பதிவான அளவுக்குக் கேட்கிறோம். அவர் காலத்தில் கொடை வீடுகளிலும் கல்யாணப் பந்தல்களிலும் வாசித்த நூற்றுக்கணக்கான கரிசல் நாயனக்காரர்களுக்கு அதுவும் இல்லை. காரியாபட்டிக்குப் பக்கத்து மல்லாங்கிணறு தந்த எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன் ‘சஞ்சாரம்’ நாவலில் அந்த வாழ்க்கையை எழுதினார். 2018-ல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. வாழ்க்கை எழுத்தில் ஏறிவிட்டது. வாசிப்பு இன்னும் ஏறவில்லை.

சுப்பராம தீட்சிதர் செய்து காட்டிய வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, இதைச் சும்மா விடுவது தப்பு என்று எனக்குப் பட்டது. முன்னாள் மாணவிகள் சிலரும் நானும் சேர்ந்து, எங்கள் சுற்றுவட்டாரத்தில் இன்னும் வாசிக்கிற முதிய நாயனக்காரர்களைத் தேடிப் போகிறோம். முதல் வீட்டிலேயே ஒரு பெரியவர், “எங்கிட்ட எதுக்கும்மா? ரேடியோவுல வாசிச்சவுங்கட்ட கேளுங்க” என்று தயங்கினார். “இல்லீங்கய்யா, நீங்க உங்க ஊருல சாமிக்கு வாசிச்சதுதான் எங்களுக்கு வேணும்” என்றோம். கச்சேரிக்குக் கொடுக்கிற சன்மானத்தைப் பதிவுக்கும் கொடுக்கிறோம். பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறார்கள். செல்போனில் பதிந்துகொண்டு வந்து, வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மறுபடி மறுபடி போட்டுக் கேட்டு, ஸ்வரப்படுத்துகிறோம். பிரதர்சினியிலிருக்கிற அதே நெளிகோடும் அதே ஜாரு அடையாளமும் நாயனத்துக்கும் பொருந்துகின்றன. பொருந்தாத இடங்கள் உண்டு. சீவாளியை உதட்டால் அழுத்தி ஒரு ஸ்வரத்தைப் பாதியில் மடக்குகிற அசைவுக்கு அந்த நூலில் அடையாளம் கிடையாது. அதற்கு நாங்களே ஒரு கொக்கி போட்டு வைத்திருக்கிறோம்.

திருச்சுழி மல்லாரியில் தொடங்கியிருக்கிறோம். அடுத்து, குலதெய்வக் கொடைகளில் விடியற்காலம் வாசிக்கிற பூபாளம். அதைத் தெரிந்த ஒருவர் நரிக்குடிப் பக்கம் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். தை அறுப்பு முடிந்து அவருக்கு ஓய்வு கிடைத்ததும் போக வேண்டும்.